பாகம் வரவில்லை, பொறுத்திருங்கள்!

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

“பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன கவலை?” என்று இக்கட்டுரையைப் பார்த்ததும் நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனக்குச் சொந்தமாக மிதிவண்டி ஒன்று உண்டு; அதிலும் பின்சக்கரத்திற்குக் காற்று நிற்பதில்லை. ஆயினும் காரைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். ஏனெனில், நான் எழுதப்போவது உண்மையில் காரைப் பற்றி அன்று. காசு கொடுத்துப் பொருளை வாங்கிய ஒருவன், “நான் விற்ற பொருள் உன் உயிரைப் பறிக்கக்கூடும்” என்று விற்றவனே ஒப்புக்கொண்ட பிறகும், கைகட்டி வாயிலில் நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த அவலத்தைப் பற்றி. பொருள் காராக இருந்தால் என்ன, மருந்தாக இருந்தால் என்ன, சமையல் அடுப்பாக இருந்தால் என்ன? வாசலில் நிற்பவன் சாதாரண மனிதன்.

என் தாய்மாமன் கடலோரச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வாழ்நாள் முழுவதும் கார் வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சிறுகச் சிறுகச் சேமித்து, பத்து ஆண்டுகள் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய சில மாதங்களில் எண்ணெய் மாற்றுவதற்காக நிறுவனத்தின் பணிமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளைஞர் வண்டியின் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இந்த வண்டியில் ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பையை மாற்ற வேண்டும். நிறுவனம் எப்போதோ அறிவித்துவிட்டது. உங்களுக்குக் கடிதம் வரவில்லையா?” என்று கேட்டிருக்கிறார். கடிதம் எப்படி வரும்? அது முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கும். “சரி, இப்போதே மாற்றிவிடுங்கள்” என்றார் மாமா. “பாகம் வரவில்லை சார், வந்ததும் போன் செய்கிறோம்” என்று விடை வந்தது.

அந்தத் தொலைபேசி அழைப்புக்காக மாமா ஏழு மாதங்கள் காத்திருந்தார். நடுவில் எத்தனையோ முறை தாமே அழைத்துக் கேட்டார். ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், அதே விடை. அதுவரையில் வண்டியை ஓட்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரும் எழுத்தில் பதில் தரவில்லை. காரை நிறுத்திவைக்கவும் வழியில்லை. சரக்கு எடுக்கப் போகவேண்டும், அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். ஆகவே மாமா ஓர் ஏற்பாடு செய்தார். அத்தையும் பிள்ளைகளும் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். விடுமுறைக்குப் போயிருந்த நான் முன்னால் ஏறப்போனபோது என்னையும் பின்னால் அனுப்பினார். “நீங்கள் மாமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “ஓட்டுகிறவன் பின்னால் உட்கார முடியாதேடா!” என்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னை இக்கட்டுரை எழுதவைத்தது.

உரிமை பிறந்த கதை

குறையுள்ள வண்டியை உற்பத்தியாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்து தரவேண்டும் என்னும் கொள்கை தானாகப் பிறந்துவிடவில்லை. 1965-ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மையைத் தோலுரித்துக் காட்டி ஒரு நூலை வெளியிட்டார். விபத்து என்றாலே ஓட்டியவன் தவறு என்று நம்பிக்கொண்டிருந்த மக்கள், வண்டியே தவறாகப் படைக்கப்பட்டிருக்கலாம் என்று அன்றுதான் எண்ணத் தொடங்கினர். அடுத்த ஆண்டே, 1966-இல், அந்நாட்டில் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குறையைக் கண்டால் உரிமையாளருக்கு அறிவிக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் அறிவித்தால் போதுமா? பழுதுபார்க்கும் செலவு யாருடையது? அதை உற்பத்தியாளரே ஏற்கவேண்டும் என்ற திருத்தம் வருவதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, “உன் வண்டியில் குறை இருக்கிறது” என்று சொல்வது ஓர் உரிமை. “அதை இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்” என்பது இரண்டாவது உரிமை. “இன்ன தேதிக்குள் செய்து தருகிறேன்” என்னும் மூன்றாவது உரிமைதான் இன்னும் அரைகுறையாக நிற்கிறது. நம் வழக்கே இந்த மூன்றாவது உரிமையைப் பற்றியதுதான்.

உயிர் காக்கும் பை உயிர் குடித்த கதை

இவ்வழக்கிற்குத் தலைசிறந்த சான்று டகாட்டா காற்றுப்பை விவகாரம். ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா நிறுவனம் உலகின் பெரிய கார் நிறுவனங்களுக்கெல்லாம் இருக்கைப் பட்டைகளையும் காற்றுப்பைகளையும் செய்து கொடுத்து வந்தது. கார் மோதியவுடன், கண் இமைக்கும் நேரத்திற்குள் பை உப்பி, ஓட்டுபவரின் தலையையும் மார்பையும் தாங்கவேண்டும். அவ்வளவு விரைவில் பையை நிரப்ப, அதன் பின்னே ஓர் உலோகக் குடுவையில் வேதிப்பொருள் வில்லைகள் அடைக்கப்பட்டிருக்கும். அவை எரிந்து எழுப்பும் வாயுவே பையை நிரப்புகிறது. டகாட்டா இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது.

வேதியியல் துறை நண்பர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. ஈரத்தை ஈர்க்கும் இயல்புடைய அப்பொருள், ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்க, ஆண்டுகள் செல்லச் செல்ல நைந்து பொடியாகிறது. ஈரத்தை உறிஞ்சும் காப்புப்பொருளும் பெரும்பாலான குடுவைகளில் சேர்க்கப்படவில்லை. வில்லை எரிவதற்கும் பொடி எரிவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? பொடி சட்டென்று எரிந்து, அழுத்தம் தாங்காமல் குடுவையே வெடித்து, உலோகச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

2008-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் ஏறத்தாழ நாலாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தபோது இது சிறு குறையாகத் தோன்றியது. 2009-இல் அமெரிக்காவில் முதல் உயிரிழப்பு நேர்ந்தது. 2013-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து முப்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கார்களை அழைத்தன. 2015 மே மாதத்தில்தான் டகாட்டா தன் பொருளில் குறை உண்டென்று ஒப்புக்கொண்டது. இறுதிக் கணக்கில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் குடுவைகள். உலகம் முழுவதும் சுமார் 10 கோடி. அமெரிக்காவில் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டிய குற்றத்தை ஒப்புக்கொள்ள அந்நிறுவனம் 2017 ஜனவரியில் உடன்பட்டது. அபராதமும் இழப்பீடுமாக நூறு கோடி டாலர் செலுத்த இசைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திவாலானது.

நிறுவனம் திவாலாகிவிடலாம். காருக்குள் இருக்கும் குடுவை திவாலாவதில்லை. அது அங்கேயே காத்திருக்கும்.

கடிதம் வந்தது, பாகம் வரவில்லை

இக்கதையில் கார் உரிமையாளர் பட்ட பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். குறையை அரசுக்குத் தெரிவித்த அறுபது நாட்களுக்குள் உரிமையாளர்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. நல்ல விதிதான். ஆனால் பாகம் தயாராக இல்லாத நிலையில் அக்கடிதம் எப்படி அமையும்? “உங்கள் காரில் உயிருக்கு ஆபத்தான குறை உள்ளது. பாகம் இன்னும் தயாராகவில்லை. தயாரானதும் மறுபடி எழுதுகிறோம்.” வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது, பிடிப்பவர் அடுத்த ஆண்டு வருவார் என்று சொல்வதைப் போன்றதன்றோ இது! முதல் கடிதத்திற்கும் இரண்டாம் கடிதத்திற்கும் இடையே பலருக்கு மாதங்கள் கழிந்தன. சிலருக்கு ஆண்டுகளே கழிந்தன.

2014 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம், பாகம் கிடைக்காத இடங்களில் முன்பயணி பக்கத்துக் காற்றுப்பையைச் செயலிழக்கச் செய்து, அந்த இருக்கையில் எவரும் உட்கார வேண்டாமென எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நான்கு பேர் அமர விலைகொடுத்து வாங்கிய வண்டியில் ஓர் இருக்கை பறிபோயிற்று. வேறு சிலருக்கு, பழைய குடுவைக்குப் பதிலாக அதே வகைப் புதிய குடுவை தற்காலிகமாகப் பொருத்தப்பட்டது; பின்னொரு நாளில் அதையும் மாற்ற மறுபடி வரவேண்டும்! 2016 மார்ச் 31 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தில் பதினேழு வயது மாணவி ஒருத்தி, உயிர் தப்பியிருக்கவேண்டிய ஒரு மோதலில், காற்றுப்பையின் உலோகச் சில்லு பாய்ந்து மாண்டாள். அவள் ஓட்டிய 2002-ஆம் ஆண்டுக் கார் ஏற்கெனவே திரும்ப அழைக்கப்பட்டதுதான். பலமுறை கடிதம் அனுப்பியதாக நிறுவனம் கூறியது. கடிதங்கள் கணக்கில் இருந்தன. பழைய குடுவை காரில் இருந்தது. நம்மைப் போன்ற ஒரு மாணவி அவள்.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கும் இல்லை. 2024-ஆம் ஆண்டில் சிட்ரோயன் நிறுவனம் பிரான்சின் தென்பகுதியில் சி3, டிஎஸ்3 வகைக் கார்களின் உரிமையாளர்களுக்கு, “உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்” என்று எழுதியது. அவற்றிலும் டகாட்டா பைகள்தாம். வேலைக்குப் போகவேண்டியவர்கள் நின்றுபோன காரையும் நிரம்பிவழிந்த பணிமனையையும் பார்த்துத் திகைத்தனர். 2025 ஜூனில் வடபகுதியில் உள்ள ரேம்ஸ் நகரருகே ஒரு பெண் அத்தகைய காரில் மாண்டபின், அவ்விரு வகைக் கார்கள் அனைத்தையும் நிறுத்துமாறு பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. முதல் எச்சரிக்கைக்கும் அந்த ஆணைக்கும் நடுவே பதினாறு ஆண்டுகள்!

நிறுவனங்களின் வாதம்

எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்பு வழங்குவது முறையன்று. நிறுவனங்கள் கூறுவது இதுதான்: “காற்றுப்பைக் குடுவை கடைத்தெருவில் வாங்கும் ஆணி அன்று. ஒவ்வொரு வகைக் காருக்கும் ஏற்ப அதனை வடிவமைக்கவேண்டும், மோதிப் பார்த்துச் சோதிக்கவேண்டும். உலகில் இதைச் செய்யும் ஆலைகள் சிலவே. கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் கேட்டால் எங்கே போவோம்? அவசரப்பட்டு இன்னொரு குறையுள்ள பொருளைப் பொருத்திவிட்டால் என்ன செய்வது?”

இதில் உண்மை இல்லாமல் இல்லை. இருக்கின்ற பாகங்களை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற வினாவுக்கு அமெரிக்க அரசு 2015-இல் வகுத்த முறையும் பாராட்டத்தக்கதே. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற பகுதிகளில் ஓடும் பழைய கார்களுக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தினர். ஆபத்து மிகுந்தவனுக்கு முதலில் கொடுப்பது அறமும்கூட.

ஆனால் பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த ஆண்டுகளில் புதிய கார்களின் விற்பனை நின்றுபோயிற்றா? இல்லையே! புதிய காருக்குள் வைக்கப் பைகள் கிடைத்தன. பழைய காருக்குள் வைக்கக் கிடைக்கவில்லை. அதுமட்டுமன்று: ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லாத டகாட்டா குடுவைகளைச் சில நிறுவனங்கள் புதிய கார்களிலேயே பொருத்தி விற்றுவந்ததை 2016 ஜூனில் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையொன்று சுட்டிக்காட்டியது. புதிய கார் வருமானம். பழைய காரின் பழுது செலவு. செலவைத் தள்ளிப்போடுவது வணிகத்தின் இயல்பு. தாமதத்திற்கு விலை இல்லாதவரையில் தாமதம் தொடரும். பொருளியலின் இந்த எளிய பாடத்தைப் புரிந்துகொண்டால், “பாகம் வரவில்லை” என்ற சொற்களின் முழுப்பொருளும் விளங்கும்.

அமெரிக்கச் சட்டத்தில், பழுதுபார்க்கக் கொண்டுவந்த வண்டியை அறுபது நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் அதுவே நியாயமான காலத்திற்குள் செய்யத் தவறியதற்கு முதல்நோக்குச் சான்று என்று ஒரு விதி உண்டு. ஏட்டில் இருக்கும் அந்த விதிக்குப் பல்லைக் கொடுப்பது எப்படி என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2017-இல் சிட்னியில் ஒருவர் மாண்டபின், நிறுவனங்களின் விருப்பத்திற்கு விட்டது போதும் என்று அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. 2018 மார்ச் முதல் தேதியில் கட்டாய ஆணை நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பர் 31-க்குள் முடிக்கவேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. முப்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள். குறித்த கெடுவில் வேலை ஏறக்குறைய முழுமையாக முடிந்தது. அதே உலகம், அதே ஆலைகள், அதே பாகங்கள். இங்கே மட்டும் எப்படி வந்தன? தேதி இருந்தது, அதனால் வந்தன.

நம் நாட்டில்

நம் நாட்டின் நிலை என்ன? 2012-இல் கார் உற்பத்தியாளர் சங்கம் தானாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. விரும்பினால் அழைக்கலாம் என்ற நிலை. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அரசே ஆணையிட நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வரவேற்கத்தக்க முன்னேற்றம் இது, மறுப்பதற்கில்லை.

எனினும் இவ்விதிகளில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அவை பொருந்தும். டகாட்டாக் குறையை மறுபடி நினைவுகூருங்கள். ஈரமும் வெப்பமும் மெல்ல மெல்ல அரித்து, ஆண்டுகள் பல கடந்தபின் கொல்லும் குறை அது. ஏழு ஆண்டு கழித்துத்தான் எமன் எழுந்திருப்பான் என்றால், ஏழாம் ஆண்டோடு காவலை விலக்குவது எந்த வகை அறிவுடைமை? அமெரிக்காவில் இலவசப் பழுதுக்கான வரம்பு பத்து ஆண்டாக இருந்ததை 2015-இல் பதினைந்தாக உயர்த்தினர். ஃபுளோரிடாவின் ஈரம் ஆபத்து என்றால் நம் கடற்கரை ஊர்களின் ஈரம் அமுதமா? நம் நாட்டில் பழைய கார்களை வாங்குகிறவர்கள் யார்? என் மாமாவைப் போன்றவர்கள்தாம். புதிது வாங்கும் வசதி படைத்தவனுக்குச் சட்டத்தின் காப்பு. பழையது வாங்கும் எளியவனுக்கு நிறுவனத்தின் கருணை. இதுதான் இன்றைய நிலை.

உரிமையாளர் பக்கத்திலும் குறை உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பு வந்தும் “பிறகு பார்க்கலாம்” என்று இருப்பவர்கள் பலர். வண்டி ஓடுகிறது, சத்தம் ஒன்றும் இல்லை, பின் எதற்கு அலைய வேண்டும் என்ற எண்ணம். ஆனால் போய் நின்றவனை “பாகம் இல்லை” என்று நான்கு முறை திருப்பி அனுப்பினால் அவன் ஐந்தாம் முறை போவானா? அவனுடைய அலட்சியத்திற்கு வித்திட்டவர் யார்?

செய்யவேண்டுவன

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடன். ஆதலால் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, திரும்ப அழைக்கும் ஒவ்வோர் அறிவிப்பிலும் பழுதை முடிக்கும் இறுதி நாள் குறிக்கப்பட வேண்டும். அந்நாள் தவறினால் ஒவ்வொரு மாதத்திற்கும் இழப்பீடு உரிமையாளரின் கைக்கு வரவேண்டும். அரசு கருவூலத்திற்கு அபராதம் போவதால் மட்டும் காத்திருப்பவனுக்குப் பயனில்லை. இரண்டாவதாக, ஓட்டக்கூடாத அளவுக்கு ஆபத்து என்றால் மாற்று வண்டியோ பயணச் செலவோ தரப்படவேண்டும். ஓட்டலாம் என்றால் அதை எழுத்தில் தரவேண்டும். மூன்றாவதாக, அதே பாகம் புதிய வண்டிக்கும் பழைய வண்டிக்கும் தேவைப்படும்போது, ஏற்கெனவே விற்ற வண்டிக்கே முதலிடம். நான்காவதாக, வண்டி கைமாறும்போது புதிய உரிமையாளரின் பெயரும் முகவரியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவில் ஏறுகின்றன. அந்த இடத்திலேயே, “இவ்வண்டியில் தீர்க்கப்படாத குறை உள்ளது” என்று தெரிவித்துவிடலாமே! ஐந்தாவதாக, ஏழாண்டு வரம்பை நீட்டவேண்டும்; உயிருக்கு ஆபத்தான குறைக்கு வரம்பே கூடாது என்பது என் கருத்து.

இவையெல்லாம் ஆகாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவே விடை.

மாமாவின் கதையை முடித்துவிடுகிறேன். ஏழாம் மாதம் ஒருநாள் தொலைபேசி மணி அடித்தது. பாகம் வந்துவிட்டது என்றார்கள். மாமா கடையை அடைத்துவிட்டுப் போனார். பழைய பையைக் கழற்றிப் புதியதைப் பொருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேர வேலைக்காக ஏழு மாதங்கள் ஒரு குடும்பம் பின் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தது. மாமாவுக்கு ஒன்றும் நேரவில்லை. அது நிறுவனத்தின் திறமையால் அன்று. அந்த ஏழு மாதங்களில் அவர் எதிலும் மோதவில்லை என்பதால்.

நாளை நம்மில் சிலர் வழக்கறிஞராகலாம், சிலர் அரசு அலுவலராகலாம், சிலர் அந்த நிறுவனங்களிலேயே பணிக்குச் சேரலாம். ஒரு நாள் நம் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்று, “எப்போது வரும் சார்?” என்று கேட்பார். அன்று “பொறுத்திருங்கள்” என்று சொல்ல வாய் திறக்குமுன், அவர் எந்த இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பப் போகிறார் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக!